டங்க் ஷூவுக்கு நாக்கு ஏன் தடித்தது?

கேள்வி இது: "அண்ணன் மகன் ஸ்கேட்போர்டு பழக ஆரம்பித்திருக்கிறான். பிறந்தநாளுக்கு ஷூ வாங்கப் போனால் ஒரு பெட்டியில் நைக்கி டங்க் என்றும் இன்னொன்றில் நைக்கி எஸ்பி டங்க் என்றும் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உண்மையிலேயே வேறுபாடு உண்டா, இல்லை இரண்டு எழுத்து கூட்டி விற்கிறார்களா? பாஸ்கெட்பால் ஷூ என்று கேள்விப்பட்டது எப்படி ஸ்கேட்போர்டுக்கு வந்தது?"

வேறுபாடு உண்டு. எஸ்பி என்பது ஸ்கேட்போர்டிங் என்பதன் சுருக்கம். வெளியிலிருந்து பார்த்தால் நாக்கு, அதாவது லேஸுக்கு அடியில் வரும் பட்டை, கொஞ்சம் தடித்திருப்பது மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் உள்ளே இருக்கிறது. ஆனால் உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நான் பதினைந்து வருடமாகப் பலகை மேல் நிற்பவன். தேய்ந்துபோன ஷூக்களைத் தூக்கிப் போடாமல் கத்தியால் குறுக்கே அறுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கமும் உண்டு. அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டங்க் 1985இல் வந்த ஷூ. வடிவமைத்தவர் பீட்டர் மூர். அதே வருடம் கடைக்கு வந்த ஏர் ஜோர்டன் 1 ஷூவும் அவருடைய கைவேலைதான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லிவிடலாம். ஜோர்டனை ஒரு ஆட்டக்காரரின் பெயரில் விற்றார்கள். டங்க்கைக் கல்லூரிகளின் பெயரில் விற்றார்கள். அமெரிக்காவில் கல்லூரி பாஸ்கெட்பால் ஊர்த்திருவிழா மாதிரி. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி நிறம், கொடியும் சட்டையும் அந்த நிறத்தில்தான். அதுவரை பெரும்பாலும் வெள்ளைத் தோலில் ஒரு கோடு என்ற அளவில் இருந்த ஷூவை, மூர் துண்டு துண்டான தோல் பட்டைகளாகப் பிரித்து, ஒரு பட்டைக்கு ஒரு நிறம் என்று கொடுத்தார். மிச்சிகனுக்கு நீலமும் மஞ்சளும், கென்டக்கிக்கு நீலமும் வெள்ளையும், சிரக்யூஸுக்கு ஆரஞ்சு, அயோவாவுக்குக் கறுப்பும் மஞ்சளும். 'உன் பள்ளிக்கு உண்மையாக இரு' என்ற பொருளில் விளம்பர வாசகம். இந்தப் பட்டைப் பிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

ஷூவாக டங்க் மிக எளிமையானது. தட்டையான ரப்பர் அடி. மேலே தோல். விரல் பகுதியைச் சுற்றி இரண்டாவது அடுக்குத் தோல். அடியில் முன்பாதத்துக்குக் கீழே, ஒற்றைக் காலில் சுழன்று திரும்புவதற்காக, வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள். ஜோர்டன் 1இல் குதிகாலுக்கு அடியில் இருந்த காற்றுப் பை கூட இதில் கிடையாது. அந்தக் காலத்துக்கு அது போதும். ஆனால் பாஸ்கெட்பால் ஷூ அதற்கப்புறம் வேகமாக ஓடிவிட்டது. 1988இல் ஏர் ஜோர்டன் 3 வந்தபோது குதிகாலில் ஜன்னல் வைத்து உள்ளே காற்றுப் பை தெரிகிற அளவுக்குப் போய்விட்டார்கள். அடிப்பாகம் உயர்ந்தது, மெத்தை கூடியது. டங்க் சில வருடங்களிலேயே பழைய ஷூ ஆகி, ஆட்டக்களத்தை விட்டு இறங்கியது.

இந்த இடத்தில்தான் ஸ்கேட்போர்டுக்காரர்கள் கதைக்குள் வருகிறார்கள்.

1980களின் நடுவில் ஸ்கேட்போர்டுக்கென்று செய்த ஷூக்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கலிஃபோர்னியாவின் அனஹைமில் 1966இல் தொடங்கிய வேன்ஸ் இருந்தது. 1976இல் டோனி ஆல்வா, ஸ்டேசி பெரால்டா என்ற ஸ்கேட்போர்டுக்காரர்களின் யோசனையைக் கேட்டுக் கழுத்துப் பகுதியில் மெத்தை வைத்த ஒரு ஷூவை அவர்கள் செய்திருந்தார்கள். வேறு சில சிறிய கம்பெனிகளும் உண்டு. மற்றபடி பையன்கள் கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டார்கள். ஜோர்டன் 1 அளவுக்கு மேல் தயாரிக்கப்பட்டு, தள்ளுபடியில் மலிவாகக் கிடைத்த காலம் அது. கணுக்காலை மூடும் உயரம், கெட்டித் தோல், தட்டை அடி. வேறென்ன வேண்டும்? 1987இல் பவல் பெரால்டா நிறுவனம் வெளியிட்ட ஸ்கேட் வீடியோவில் டோனி ஹாக், ஸ்டீவ் கபலேரோ, லான்ஸ் மவுண்டன், மைக் மெகில், டாமி கெரேரோ எல்லோரும் ஜோர்டன் 1 போட்டுக்கொண்டுதான் பறக்கிறார்கள். டங்க்கும் அதே வழியில் அதே கால்களுக்குப் போனது. யாரும் விளம்பரம் செய்யவில்லை. மலிவு, உறுதி, அவ்வளவுதான் காரணம்.

இந்தக் கதையைச் சொல்லும் பலர் 2002இல்தான் ஒரு பாஸ்கெட்பால் ஷூ ஸ்கேட்போர்டுக்காக மாற்றப்பட்டது என்று தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்பே பையன்கள் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நிறுவனம் வந்து சேர்ந்தது தாமதமாகத்தான். பாஸ்கெட்பால் எதையெல்லாம் பழசு என்று கழித்துவிட்டதோ, அதையெல்லாம் பலகை கேட்டது.

ஏன் கேட்டது என்று புரிய, உங்கள் அண்ணன் மகன் இப்போது பழகிக்கொண்டிருக்கும் ஆலி என்ற வித்தையைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். ஃப்ளோரிடாவில் ஆலன் கெல்ஃபண்ட் என்பவர் 1970களின் கடைசியில் வளைந்த சுவரில் செய்ததை, 1980களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் சமதரைக்குக் கொண்டுவந்தார். கையால் தொடாமல் பலகையோடு மேலே எழும்புவது. பின்னங்கால் பலகையின் வாலை ஓங்கித் தட்டும். வால் தரையில் மோதி, பலகையின் மூக்கு மேலே கிளம்பும். அந்த நொடியில் முன்னங்கால் சும்மா இருக்காது. கணுக்கால் உள்பக்கம் மடிந்து, பாதத்தின் வெளி ஓரம், அதாவது சுண்டுவிரல் பக்கம், பலகையின் நடுவிலிருந்து மூக்குவரை உரசிக்கொண்டே மேலேறும். அந்த உரசல்தான் பலகையைக் காலோடு இழுத்துக்கொண்டு போகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பசை போட்டு ஒட்டின மாதிரி தெரியும்.

அந்தப் பலகையின் மேல் என்ன ஒட்டியிருக்கிறது? கிரிப் டேப். தச்சுப் பட்டறையில் மரத்தை இழைக்கும் உப்புத்தாளுக்கு அண்ணன். சிலிக்கான் கார்பைடு பொடி, வைரத்துக்குப் பக்கத்தில் வரக்கூடிய கடினம். ஒரு மாலையில் நூறு ஆலி போட்டால் உங்கள் ஷூவின் சுண்டுவிரல் பக்கத்தை நூறு முறை உப்புத்தாளில் தேய்த்த கணக்கு. பாஸ்கெட்பால் ஷூ தேய்வது அடியில், வழவழப்பான மரத்தரையில். ஸ்கேட் ஷூ தேய்வது பக்கவாட்டில், உப்புத்தாளில். இரண்டு விளையாட்டுக்கும் எம்பிக் குதிப்பதும் வந்து இறங்குவதும் பொது. தேய்கிற இடம்தான் வேறு.

டங்க்கில் அந்தச் சுண்டுவிரல் பக்கத்தில், கல்லூரி நிறங்களுக்காக வெட்டிய அந்த இரண்டாவது தோல் பட்டை இருக்கிறது. நிறத்துக்காக வைத்தது கவசமாகிவிட்டது. மேல் அடுக்கு தேய்ந்தாலும் கீழே இன்னொரு அடுக்கு உண்டு. மூருக்கு 1985இல் இது மனதில் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பழைய தோல் ஷூக்களில் இந்த மாதிரி நல்ல தற்செயல்கள் நிறைய. வலைத்துணியும் பிளாஸ்டிக்குமாக மாறிப்போன பிந்தைய பாஸ்கெட்பால் ஷூக்களைப் போட்டு ஆலி அடித்தால் ஒரு வாரத்தில் விரல் வெளியே எட்டிப் பார்க்கும்.

அடுத்தது அடிப்பாகத்தின் தடிப்பு. ஸ்கேட்போர்டுக்காரர்கள் எந்த ஷூவைப் பற்றிப் பேசினாலும் முதலில் கேட்பது 'போர்டு ஃபீல்' எப்படி என்றுதான். பலகை பாதத்துக்கு அடியில் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பது உள்ளங்காலுக்குத் தெரிய வேண்டும். காற்றில் பலகை சுழன்று வரும்போது கண்ணை விட உள்ளங்கால்தான் அதைப் பிடிக்கிறது. மெத்தை கூடினால் அந்தச் செய்தி வந்து சேராது. உயரம் கூடினால் கணுக்கால் பிசகும் ஆபத்தும் கூடும். அதனால்தான் தட்டையான, பெரிதாக மெத்தையில்லாத பழைய அடி பிடித்துப்போனது. ஆனால் மெத்தையே இல்லாவிட்டால்? எட்டுப் படி தாண்டிக் குதித்து, குதிகால் நேராகப் பலகையின் போல்ட் மேல் இறங்கினால் எலும்பில் ரத்தம் கட்டிக்கொள்ளும். எனக்கு ஒரு முறை அப்படி ஆகி, ஆறு வாரம் முன்பாதத்திலேயே நடந்தேன். மெல்லிய அடியும் வேண்டும், குதிகாலுக்குக் காப்பும் வேண்டும். ஸ்கேட் ஷூ செய்யும் எல்லோருக்கும் இன்றுவரை இதுதான் கஷ்டமான கணக்கு.

இதற்கெல்லாம் பையன்கள் நிறுவனங்களுக்காகக் காத்திருக்கவில்லை. தாங்களே கத்தரியை எடுத்தார்கள். வேன்ஸ் 1989இல் ஸ்டீவ் கபலேரோவின் பெயரில் கணுக்காலுக்கு மேல் வரும் உயரமான ஷூ ஒன்றைக் கொண்டுவந்தது. உயரம் தொந்தரவாக இருந்ததால் தெருவில் ஸ்கேட் செய்தவர்கள் அதைப் பாதியாக வெட்டி, வெட்டின விளிம்பில் டேப் ஒட்டிப் போட்டுக்கொண்டார்கள். கபலேரோவே அப்படி வெட்டிப் போட்டுக்கொண்டு போய்க் கம்பெனிக்குச் சொன்னார். 1992இல் அது 'ஹாஃப் கேப்' என்று தனி ஷூவாக வந்தது, இன்றும் விற்கிறது. ஸ்கேட் ஷூவில் நல்ல மாற்றங்கள் பல இப்படித்தான் வந்திருக்கின்றன. முதலில் ஒரு பையன் வீட்டில் உட்கார்ந்து வெட்டுவான், தைப்பான், ஒட்டுவான். அப்புறம் யாரோ ஒருவர் அதைக் கவனிப்பார்.

1990களில் நைக்கி கவனிக்கவில்லை. ஸ்கேட்போர்டு சந்தையில் நுழைய அவர்கள் செய்த முதல் முயற்சி தோற்றது. விளம்பரம் அருமையாக இருந்தது: கோல்ஃப் ஆடுபவரையும் டென்னிஸ் ஆடுபவரையும் போலீஸ் துரத்துகிறது, எல்லா ஆட்டக்காரர்களையும் ஸ்கேட்போர்டுக்காரர்களைப் போல நடத்தினால் எப்படி இருக்கும் என்று கேட்கிற விளம்பரம். பரிசும் பாராட்டும் கிடைத்தன. ஷூ விற்கவில்லை. ஸ்கேட்போர்டுக்காரர்களுக்கு வெளியாட்கள் மேல் இருந்த சந்தேகம் அப்படி. அந்தச் சின்ன உலகத்தில் ஷூ செய்தவர்களும் கடை வைத்தவர்களும் பெரும்பாலும் முன்னாள் ஸ்கேட்போர்டுக்காரர்கள். எட்னீஸ், டிசி போன்ற பெயர்கள் அப்படி வளர்ந்தவை. பூங்காவில் காவலாளி விரட்டும்போது கூட இருந்தவர்கள் ஒரு பக்கம், நன்றாக விற்கிறது என்று தெரிந்ததும் வருகிற பெரிய கம்பெனி இன்னொரு பக்கம். யாரிடம் வாங்குவார்கள்?

இதை மாற்றியவர் சாண்டி போடெக்கர். நைக்கியில் கால்பந்துப் பிரிவை வளர்த்தெடுத்தவர். ஸ்கேட்போர்டுப் பிரிவை அவரிடம் கொடுத்தார்கள். அவர் செய்த முதல் நல்ல காரியம், புது ஷூ ஒன்றைக் கண்டுபிடிக்க முயலாதது. கடை கடையாகப் போய்க் கேட்டார். ஏற்கனவே எதைப் போடுகிறார்கள் என்று பார்த்தார். டங்க் கையில் இருந்தது. 2002 மார்ச்சில் நைக்கி எஸ்பி என்ற பெயரில் டங்க் லோ புரோ வெளிவந்தது. ரிச்சர்ட் மல்டர், ரீஸ் ஃபோர்ப்ஸ், ஜினோ இயனுச்சி, டேனி சூபா என்று நான்கு பேர்தான் முதல் அணி. ஒவ்வொருவருக்கும் அவரே தேர்ந்தெடுத்த நிறத்தில் ஒரு டங்க். நியூயார்க்காரரான சூபாவுடையது ஆரஞ்சும் நீலமும், தன் ஊர் அணிகளின் நிறம். கல்லூரிக்கு ஒரு நிறம் என்று 1985இல் தொடங்கியது, ஆளுக்கு ஒரு நிறம் என்று ஆனது.

சரி, மாற்றங்களுக்கு வருவோம். அறுத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கண்ணில் படுகிற முதல் மாற்றம் நாக்கு. லேஸுக்கு அடியில் வரும் அந்த நாக்கில் பஞ்சு திணித்துத் தலையணை மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். காரணம் மூன்று. பலகை சுழலும்போது பாதத்தின் மேல்பக்கத்தில் வந்து அடிக்கும். பழைய மெல்லிய நாக்கில் அந்த அடி நேராக எலும்புக்குப் போகும். இரண்டாவது, லேஸை இறுக்கக் கட்டினாலும் அழுத்தம் பரவலாக விழும். மூன்றாவது, பாதத்துக்கும் ஷூவுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் நிரம்பிவிடும். கால் திரும்பும்போது ஷூவும் கூடவே திரும்பும். 1990களின் கடைசியில் ஸ்கேட் ஷூக்கள் எல்லாமே பெருத்த நாக்கோடு, ஊதிப்போன உடம்போடு வந்துகொண்டிருந்தன என்பதும் உண்மை. அந்தக் காலத்தின் ருசியும் இதில் கலந்திருக்கிறது.

நாக்கை வெளியே இழுத்தால் இரண்டு பக்கமும் எலாஸ்டிக் பட்டை உள்ளே போவது தெரியும். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். எனக்கு இதுதான் இந்த மாற்றங்களிலேயே புத்திசாலித்தனமானது. ஆலியில் முன்னங்கால் வெளி ஓரமாகச் சாய்கிறது என்று சொன்னேன் அல்லவா, ஒவ்வொரு சாய்வுக்கும் நாக்கு ஒரு பக்கம் நகரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து இழுத்துவிட வேண்டியிருக்கும். அந்த இரண்டு பட்டைகள் நாக்கை நடுவிலேயே பிடித்துவைத்துக்கொள்கின்றன. பலகை மேல் ஏறாத ஒருவருக்கு இது தோன்றவே தோன்றாது.

மூன்றாவது, உள்பாதம். ஷூவுக்குள் கையை விட்டு அந்த மெல்லிய மெத்தையைத் தூக்கித் திருப்பினால் குதிகால் பக்கத்தில் ஜூம் ஏர் என்ற காற்றுப் பை ஒட்டியிருக்கும். சாதாரணக் காற்றுப் பையை அழுத்தினால் பலூன் மாதிரி நடுவில் உப்பும். ஜூம் ஏரில் மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் நூற்றுக்கணக்கான நைலான் இழைகள் இழுத்துக் கட்டியிருப்பதால் அது தட்டையாகவே இருக்கும். மெல்லிசாகச் செய்யலாம், ஆனால் அடி விழும்போது அழுந்தி உடனே நிமிரும். மேலே சொன்ன கஷ்டமான கணக்குக்கு இது ஒரு நல்ல விடை. குதிகாலில் மட்டும் வைத்ததால் முன்பாதத்தில் பலகையின் உணர்வு கெடவில்லை. அடிப்பாகத்தை உயர்த்தாமல், உள்ளே போட்டுக்கொள்ளும் மெத்தையிலேயே வைத்ததால் டங்க்கின் உருவமும் மாறவில்லை. இது தவிர அடி ரப்பர் நன்றாகப் பிடிக்கிற வகைக்கு மாறியது, கழுத்து ஓரத்தில் மெத்தை கூடியது, தோலுக்குப் பதில் ஸ்வேட் நிறைய வந்தது.

ஸ்வேட் பற்றி ஒரு வார்த்தை. தோலின் உள்பக்கத்தை மேலாகத் திருப்பினது மாதிரி, பஞ்சு பஞ்சாக இருக்கும். வழவழப்பான தோலில் மேல் பூச்சு உரிந்ததும் சீக்கிரம் கிழிகிறது. ஸ்வேட் இழை இழையாகத் தேயும், அதனால் தாக்குப்பிடிக்கும். கிரிப் டேப்பையும் நன்றாகப் பற்றும். பழகுகிற பையனுக்கு ஸ்வேட்தான்.

மாற்றாமல் விட்டதும் முக்கியம். ஸ்கேட் ஷூக்களின் அடியை இரண்டு வகையில் செய்வார்கள். ஒன்றில் மேல்பாகத்தைச் சுற்றி ரப்பர் பட்டையை ஒட்டி, அப்படியே அடுப்பில் வேகவைப்பார்கள். வல்கனைஸ்டு என்பது அது. மெல்லிசாக, முதல் நாளே வளையும், பலகை நன்றாகத் தெரியும், ஆனால் சீக்கிரம் தளர்ந்துவிடும். இன்னொன்றில் கிண்ணம் மாதிரி வார்த்த ரப்பர் அடிக்குள் மேல்பாகத்தை உட்கார வைத்துச் சுற்றித் தைப்பார்கள். இது கப்சோல். கெட்டியானது, பழகச் சில நாள் பிடிக்கும், குதிகாலைக் காப்பாற்றும். டங்க் கப்சோல். கால்பந்துப் பிரிவிலிருந்து வந்த ஒருவர் அதைப் பிரித்துப்போட்டுப் புதிதாகச் செய்திருக்கலாம். கை வைக்காமல் விட்டார்கள்.

விற்ற விதமும் பழைய முயற்சிக்கு நேர் எதிர். பெரிய கடைத் தொடர்களுக்குக் கொடுக்காமல் சிறிய ஸ்கேட் கடைகளுக்கு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். அந்தக் கடைகளையும் ஸ்கேட் கம்பெனிகளையும் கூட்டி நிறம் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். 2002இல் நியூயார்க்கின் சுப்ரீம் கடைக்காக வந்த டங்க்கில் ஏர் ஜோர்டன் 3இன் யானைத்தோல் போன்ற சாம்பல் அச்சைப் போட்டார்கள். பாஸ்கெட்பாலை விட்டு வந்த ஷூவுக்கு, அதைப் பழசாக்கிய ஷூவின் தோலையே போர்த்திய மாதிரி. மூரின் பட்டைப் பிரிப்பு இங்கே முழுதாக வேலை செய்தது. எத்தனை பட்டையோ அத்தனை நிறம், அத்தனை துணி.

அதன் உச்சம் 2005 பிப்ரவரி 22. ஜெஃப் ஸ்டேபிள் என்ற வடிவமைப்பாளர் நியூயார்க்குக்காகச் செய்த சாம்பல் நிற டங்க், குதிகால் ஓரத்தில் ஒரு புறாவை எம்பிராய்டரி செய்தது, 150 ஜோடி மட்டும். ஆர்ச்சர்ட் தெருவில் அவருடைய கடை வாசலில் குளிரில் நாள்கணக்கில் ஆட்கள் காத்துக்கிடந்தார்கள். கூட்டம் கட்டுக்கடங்காமல் போய்ப் போலீஸ் வந்து, வாங்கியவர்களைப் பின்வழியாக டாக்சியில் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. மறுநாள் நியூயார்க் போஸ்ட் அதை முதல் பக்கத்தில் போட்டது. ஷூவை வாங்கி மறுவிலைக்கு விற்கும் வழக்கம் ஊருக்கே தெரிந்தது அன்றுதான். எனக்கு அந்த நாள் பற்றி வருத்தம் உண்டு. உப்புத்தாளில் தேய்வதற்காகச் செய்த ஷூவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அந்த எலாஸ்டிக் பட்டைக்கு என்ன வேலை?

எதிர்ப்பும் இருந்தது. கலிஃபோர்னியாவின் கன்சாலிடேட்டட் என்ற ஸ்கேட் கம்பெனி, நைக்கியின் வாசகத்தைத் திருப்பிப் போட்டு 'செய்யாதே' என்று ஒரு இயக்கமே நடத்தியது. ஸ்கேட்போர்டுக்காரர்களின் பணம் ஸ்கேட்போர்டுக்காரர்களிடமே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது. பெரிய கம்பெனிகள் வந்தபின் சின்ன ஷூ கம்பெனிகள் பல நலிந்தன. டங்க்கை நான் விரும்பினாலும் இதை மறைக்க மாட்டேன். உங்கள் ஊரில் ஸ்கேட்போர்டுக்காரர்கள் நடத்தும் கடை இருந்தால், எந்தக் கம்பெனி ஷூவாக இருந்தாலும் அங்கே வாங்குங்கள்.

2009இல் ஸ்டெஃபான் ஜனோஸ்கி என்ற ஸ்கேட்போர்டுக்காரரின் பெயரில் நைக்கியே மெல்லிய, மெத்தையில்லாத ஒரு வல்கனைஸ்டு ஷூவைக் கொண்டுவந்தது. எல்லோரும் ஒல்லி ஷூவுக்கு மாறினார்கள். தடித்த நாக்கு டங்க் பல வருடம் ஒதுங்கியே இருந்தது. பத்தாண்டு கழித்து, 2019, 2020 வாக்கில் திரும்பி வந்தது, முன்னைவிட வெறியோடு. அந்த இடைவெளியில் 2014இல் லான்ஸ் மவுண்டனுக்காக ஒரு ஜோர்டன் 1 செய்தார்கள். மேலே ஒரே நிறப் பூச்சு. ஸ்கேட் செய்யச் செய்ய அது உரிந்து, 1980களில் அவர் போட்ட பழைய ஜோர்டன் நிறங்கள் அடியிலிருந்து வெளியே வரும். ஒரு ஷூவை ஸ்கேட்போர்டுக்காக மாற்றுவது என்றால் அது இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். போட்டுத் தேய்த்தால்தான் அது என்ன நிறம் என்றே தெரியும்.

இனி உங்கள் பிறந்தநாள் பரிசு. பலகை மேல் போடத்தான் என்றால் எஸ்பி வாங்குங்கள். கடையில் நாக்கை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், புசுபுசுவென்று இருக்க வேண்டும். அதை இழுத்தால் எலாஸ்டிக் பட்டைகள் தெரிய வேண்டும். உள்பாதத்தைத் தூக்கிக் குதிகாலுக்கு அடியில் பாருங்கள். இந்த மூன்றும் இல்லையென்றால் அது சாதாரண டங்க். தெருவில் போட நன்றாக இருக்கும், ஆலிக்கு வேண்டாம். ஸ்வேட் இருக்கிறதா என்று கேளுங்கள். விரல் பகுதியில் துணியோ அலங்கார எம்பிராய்டரியோ இருக்கிற விலையுயர்ந்த சிறப்புப் பதிப்புகளைத் தவிருங்கள், அவை முதலில் கிழியும்.

தடித்த நாக்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், பையனுடைய பாதம் அகலம் என்றால் அரை அளவு கூட்டி வாங்குங்கள். முதல் வாரம் கெட்டியாக இருக்கிறது, பலகையே தெரியவில்லை என்று குறை சொல்வான். வீட்டுக்குள் போட்டு நடக்கச் சொல்லுங்கள், தளர்ந்துவிடும். பத்து நாள் கழித்து முன்னங்கால் ஷூவை வாங்கி, சுண்டுவிரல் பக்கம் தையல் நூல் எங்கே மங்கியிருக்கிறது என்று பாருங்கள். தோல் கிழிவதற்கு முன்னால் நூல்தான் அறுபடும். அந்த இடத்தில் ரப்பர் பசையை மெல்லிசாகத் தடவி ஒரு இரவு காயவிடுங்கள். ஓட்டை விழுந்த பிறகு தடவினால் பயனில்லை. லேஸும் அதே உரசலில் அடிக்கடி அறும், கூடவே இரண்டு ஜோடி வாங்கி வைத்துவிடுங்கள்.